கூட்டாளி கேட்ட கத்தம்

கல்முனைக்குடியில் ஸைனுலாப்தீன் காக்காவின் கைச்சோறு தின்னாத ஒருவர் இருந்தால், அவர் ஒன்றில் பல் முளைக்காத குழந்தையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஸைனுலாப்தீனோடு கோபமாக இருக்கவேண்டும். கோபக்காரர்களும் கலியாணச் சாப்பாடு என்றால் கோபத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தி ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிற ஊர் இது. பக்கத்தில் இருப்பவன் யார், எவர் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இறைச்சி போய்விடும்.

அவர் சமையலுக்கு வந்தது பெரிய கதை ஒன்றுமில்லை. படிப்பு ஏறவில்லை, கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வயலுக்குச் சொந்தமாகக் காணி இல்லை. மிஞ்சியது அடுப்பு. சுனாமி அவருடைய வீட்டையும் பெரிய சமையல் கிடாரங்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனபோது, கரைக்கு வந்த முதல் வேலையாக ஒரு பாடசாலை முற்றத்தில் இரவல் கிடாரத்தை வைத்துச் சோறு காய்ச்சினார். அந்த முகாமில் தமிழ்ச் சனமும் இருந்தது, முஸ்லிம் சனமும் இருந்தது. யாருக்கு எந்தப் பந்தி என்று அவர் கேட்கவில்லை. சோறு வெந்ததா என்றுதான் பார்த்தார்.

பிறகு சில வருடங்கள் அம்பாறை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. நல்ல கடை. சிங்கள ஆட்கள்தான் கூடுதலாக வருவார்கள். முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் பிள்ளை பிறக்காமல் இருக்க மருந்து கலக்கிறார்கள் என்று ஒரு கதையை எவனோ கட்டிவிட, டவுனே பற்றிக்கொண்டது. அவர் வேலை செய்த கடையின் கண்ணாடியும் உடைந்தது. பொலிஸுக்குப் போனார், முறைப்பாடு எழுதிக்கொடுத்தார், வழக்கு அது பாட்டுக்குக் கிடந்தது. கடையை மறுபடியும் திறந்தார்கள். ஒவ்வொரு நாளும் பகல் சாப்பாட்டுக்கு வரும் கிளாக்கர் ஒருவர் வாசல்வரைக்கும் வந்தார். கறிச்சட்டியைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார்.

"உடைச்சவன நான் மறந்துட்டன். அந்தக் கிளாக்கர் மாத்தயாவத்தான் மறக்க ஏலாம இருக்கு," என்று ஸைனுலாப்தீன் காக்கா இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் சொல்லுவார். சொல்லாத ஆளில்லை. சோறு கொடுக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறு கிடையாது என்பது அவருடைய கட்சி.

ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டு முற்றத்திலேயே ஓடர் சமையல். கலியாணம், சுன்னத்து, கத்தம். கத்தம் என்றால், மௌத்தானவர், அதாவது இறந்துபோனவர், பேரில் குர்ஆன் ஓதி, துஆக் கேட்டு, ஏழை எளியவருக்கும் சொந்த பந்தத்துக்கும் சோறு கொடுப்பது. மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று ஊரில் பாதிப் பேர் சண்டை பிடிப்பார்கள். சண்டை பிடித்த வாயோடேயே பக்கத்து வீட்டிலிருந்து வரும் கத்தச் சோற்றை வாங்கிக்கொள்வார்கள். ஸைனுலாப்தீன் அந்த வழக்கிலெல்லாம் தலைபோடுவதில்லை. அவருக்கு ஒரே ஒரு முறை. அடுப்புப் பற்றவைக்க முன் மௌத்தானவர் யார், கத்தம் கொடுக்கிறவர் யார், இரண்டு பேருக்கும் என்ன முறை என்று கேட்பார். மகன் உம்மாவுக்கு, பெண்சாதி புருசனுக்கு என்று மனதில் எண்ணி நிய்யத்து வைத்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லித்தான் நெருப்பை வைப்பார். அந்த முறை தெரியாமல் அவருக்குக் கை ஓடாது. கத்தத்துக்கு முற்பணமும் வாங்குவதில்லை.

பழைய சட்டமொன்றைப் பாராளுமன்றத்தில் எடுத்துவிடப் போகிறார்கள், ஆணும் ஆணும் சேர்ந்திருந்தால் இனிமேல் குற்றமில்லையாம் என்று ஊரெல்லாம் பேச்சடிபட்ட வருடம் அது. பள்ளியில் ஜும்ஆப் பிரசங்கத்திலும் அதுதான். ஸைனுலாப்தீன் எல்லாரையும்போலத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்தார். அது கொழும்புக் கதை, நமக்கென்ன என்று நினைத்தார்.

அந்த நாட்களில்தான் கிசோக் வந்தான். காரைதீவுப் பொடியன், முப்பது வயதிருக்கும், கொழும்பில் ஒரு கொம்பனியில் வேலை. சேட்டெல்லாம் கசங்கி, கண்ணெல்லாம் உள்ளே போய், நாலு நாள் தூங்காத ஆள்போல நின்றான்.

"காக்கா, ஒரு கத்தச் சாப்பாடு செய்யணும். நாப்பதாம் கத்தம்."

"இரிங்க தம்பி. ஆர் மௌத்தான?"

"நிப்றாஸ். இந்த ஊர்தான். நளீம் ஹாட்வெயார் இருக்கே, அவர்ர தம்பி. கொழும்பில டெங்கு வந்து..."

ஸைனுலாப்தீனுக்கு ஞாபகம் வந்தது. ஜனாஸா வந்திறங்கிய கையோடு அடக்கிவிட்டார்கள். நளீம் கத்தம், மௌலிது ஒன்றுக்கும் சம்மதிக்காத ஆள். தம்பிக்கும் ஒன்றும் செய்யமாட்டான். அதை வாய்விட்டும் சொன்னார்.

"அதுதான் காக்கா. 'நான் மௌத்தானா எனக்குக் கத்தம் குடுக்கவும் ஆளில்ல, நளீம் காக்கா விடமாட்டார்' எண்டு பகிடியாச் சொல்லுவான். சின்னதுல கத்தச் சோத்துக்கு ஊரெல்லாம் திரிஞ்சவனாம். உங்கட பேரத்தான் சொல்லுவான்."

"அல்லாஹ்! சரி, உங்களுக்கு அவர் என்ன முறை தம்பி?"

கிசோக் கொஞ்சம் சுணங்கினான். பிறகு, "கூட்டாளி, காக்கா," என்றான்.

இந்தக் கரையில் கூட்டாளி என்பது எல்லாரும் நாளெல்லாம் சொல்கிற சொல். ஒரே வாங்கில் இருந்து படித்தவன் கூட்டாளி, சைக்கிள் இரவல் தருகிறவன் கூட்டாளி, சேர்ந்து கடை போட்டவனும் கூட்டாளி. ஸைனுலாப்தீனுக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ்ப் பொடியன் ஒருவன் முஸ்லிம் கூட்டாளிக்குக் கத்தம் கொடுக்கிறான்! பிரதேச செயலகம் உனக்கா எனக்கா என்று இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருக்கிற இந்த ஊரில்! அவர் அம்பாறைக் கதையைச் சொன்னார், சுனாமிக் கதையைச் சொன்னார், கிசோக்கின் தோளில் தட்டினார். போகும்போது, "ஒரு போட்டோ எடுப்பம் தம்பி," என்றார்.

"வேணாம் காக்கா."

அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டு எடுத்தார்.

அந்தப் படத்தை அவர் தேநீர்க்கடையில் காட்டினார், அது அங்கிருந்து ஊர்ச் செய்தி போடும் முகநூல் பக்கமொன்றுக்குப் போனது. 'முஸ்லிம் நண்பனுக்குக் கத்தம் கொடுக்கும் காரைதீவு இளைஞன், இன ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு' என்று தலைப்புப் போட்டு, சிரித்துக்கொண்டு நிற்கும் ஸைனுலாப்தீனையும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் கிசோக்கையும் போட்டார்கள். மாஷா அல்லாஹ் என்று வந்து குவிந்தது. பகிர்ந்தார்கள், வாழ்த்தினார்கள். ஸைனுலாப்தீன் ஒவ்வொன்றையும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மனுசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அடுத்த நாள் கொழும்பிலிருந்து எவனோ ஒருவன் கீழே எழுதினான். இவங்க நண்பர்கள் இல்லை, புருசன் பெண்சாதி மாதிரி வெள்ளவத்தையில் ஒரே வீட்டில் வருடக்கணக்காக இருந்தவங்க, கட்டிடமே அறியும் என்று. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் வந்து விழுந்ததை எழுத்தில் கொண்டுவர வேண்டாம். மாஷா அல்லாஹ் சொன்ன அதே ஆட்கள்தான். மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழும்பிப் போனாள்.

நளீம் வந்தான். சத்தம் போடுவான் என்று ஸைனுலாப்தீன் எதிர்பார்த்தார். அவன் கதிரையில் விழுந்து அழுதான்.

"எங்களுக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்க காக்கா? தெரிஞ்சுதான் கெதியாக் கொண்டுவந்து அடக்கின. மண்ணோட போகட்டும் எண்டுதான் வாயை மூடிட்டிருந்த. நீங்க அவன்ட பேரைத் தெருவில போட்டுட்டீங்களே."

பெருமை பேசப் போய் ஒரு மௌத்தானவனையும் உயிரோடிருக்கிறவனையும் சந்தியில் நிறுத்திவிட்டார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அவருடைய மனைவி நுஸ்ரத் கதையை எடுத்தாள். "அந்த ஓடரை விடுங்க. மகளுக்கு மாப்பிள்ளை பேசிட்டிருக்கிற நேரம்."

"சோறு தானே புள்ள. ஏழைக்குப் போற சோறு."

"அப்ப சமைங்க. ஆனா அடுப்பு மூட்டக்குள்ள என்ன முறை எண்டு நிய்யத்து வைப்பீங்க?"

அங்கேதான் அவர் அகப்பட்டுப்போனார். மாப்பிள்ளைப் பேச்சுக்கோ நளீமுக்கோ அவர் பயந்த மனிதரில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியவர். ஆனால் பிஸ்மி சொல்லி நெருப்பு வைக்கும் அந்தக் கணம் அவருக்கும் அவருடைய றப்பான அல்லாஹ்வுக்கும் நடுவில் உள்ள காரியம். அதில் பொய் சொல்ல அவருக்கு வராது. மௌத்தானவனின் பாவம் அல்லாஹ்விடம் போய்விட்டது, அவனுக்காகச் சமைக்கலாம். கொடுக்கிறவனுக்கும் அவனுக்கும் உள்ள முறையை மனதில் வைத்து அல்லாஹ்வின் பேரை எப்படிச் சொல்வது? கத்தம் ஓதும் லெப்பையிடம் போய்க் கேட்டார். லெப்பை தாடியைத் தடவினார், சோறு கொடுப்பது நன்மைதான் என்றார், ஆனாலும் என்றார், கடைசியில் அன்றைக்குத் தனக்குச் சம்மாந்துறையில் வேறு ஓதல் இருக்கிறது என்று சொல்லி நழுவிவிட்டார். ஸைனுலாப்தீன் இரண்டு நாள் தொழுதுவிட்டுப் பாயிலேயே இருந்து யோசித்தார். ஏலாது என்றுதான் மனம் சொன்னது. அது வேசமில்லை. உண்மையாகவே அவருக்கு ஏலவில்லை.

மூன்றாம் நாள் கிசோக் வந்தான். மத்தியான வெயில். ஸைனுலாப்தீன் மூடிய கேற்றடிக்குப் போய் நின்றுகொண்டார்.

"காக்கா, அரிசி இறைச்சிக்குச் சொல்லியாச்சா?"

"தம்பி, நான் சமைக்கல்ல."

கிசோக் திடுக்கிடவில்லை. "நளீம் காக்கா வந்தவரா?" என்றான்.

"வந்தவர். அதுக்காக இல்ல மகன். நான் பிஸ்மி சொல்லித்தான் அடுப்பு மூட்டுற. தெரியாமச் செஞ்சிருந்தா வேற. தெரிஞ்சுகொண்டு எனக்கு வாய் வராது."

"என்ட பேரைச் சொல்லாதங்க. ஆர் குடுத்த எண்டு ஒருத்தருக்கும் தெரிய வேணாம். அவன்ட பேர் போதும்."

"எனக்குத் தெரியுமே." ஸைனுலாப்தீன் தொடர்ந்து கேட்டார்: "நீங்க கூட்டாளி எண்டுதானே சொன்னீங்க?"

"கூட்டாளி இல்லாம வேற என்ன காக்கா? எங்களுக்கு வேற ஒரு சொல் இருந்திருந்தா அதச் சொல்லியிருப்பன்."

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்து, இருவரையும் பார்த்துவிட்டுப் போனது. கிசோக் அதைக் கவனித்தும் குரலைத் தாழ்த்தவில்லை. இனித் தாழ்த்தி என்ன? காரைதீவில் அவனுடைய மாமா வீட்டுப் படி மிதிக்காதே என்று சொல்லியனுப்பிவிட்டார், அம்மா போனை எடுப்பதில்லை.

"உங்கள நான் கோவிக்க மாட்டன். உங்கட மார்க்கம், உங்கட அடுப்பு. அம்பாறையில உங்களுக்குச் செஞ்சது அநியாயம் எண்டு நீங்க பொலிசில போய்ச் சொன்ன நீங்க. சொல்றதுக்கு ஒரு இடமாவது இருந்த. என்னைக் கடைக்குள்ள ஏத்தமாட்டன் எண்டு ஒருத்தன் சொன்னா நான் எங்க போற? பொலிசுக்குப் போனா பிடிக்கிறது என்னைத்தான்."

"அது வேற, இது வேற மகன்."

"வேறதான் காக்கா. அங்க நீங்க உள்ளுக்கு நிண்ட நீங்க. நான் வெளியில நிக்கிறன்."

ஸைனுலாப்தீனுக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது, இரண்டில் எதை வெளியே விடுவது என்று தெரியாமல் கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிசோக் திரும்பப் போனவன் மறுபடி நின்றான்.

"ஒண்டு கேக்கட்டா? கேக்க எனக்கு வேற முஸ்லிம் ஆளில்ல. கடைசி நேரம் அவனுக்கு மூச்சு இழுத்த. வீட்டு ஆக்கள் பஸ்ஸில வந்துட்டிருந்தாங்க. ஆசுபத்திரி வாட்டில ஒருத்தரும் முஸ்லிம் இல்ல. கலிமா சொல்லிக் குடுக்கணும் எண்டு எனக்குத் தெரியும், அவன் சொல்லியிருக்கான். போனில தேடி, அதப் பார்த்துப் பார்த்து அவன்ட காதுக்குள்ள சொன்னன். லாஇலாஹ இல்லல்லாஹ் எண்டு. திரும்பத் திரும்பச் சொன்னன். அவன்ட வாய் அசைஞ்ச மாதிரி இருந்த." அவன் கேற்றுக்குக் கிட்ட வந்தான். "நான் முஸ்லிம் இல்ல. பிறகு நான்... எங்கள மாதிரி ஆள். நான் சொன்ன கலிமா அவனுக்குச் சேருமா காக்கா?"

சேரும் என்று சொல்ல ஸைனுலாப்தீனின் நெஞ்சு துடித்தது. சேராது என்று சொல்ல அவர் யார்? "அது... ஓதினவங்களிட்டத்தான் கேக்கணும் மகன்," என்றார்.

கிசோக் தலையாட்டினான். சரி காக்கா என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தான்.

நாற்பதாம் நாள் வந்தது, போனது. நிப்றாஸின் பேரில் ஒரு பிடி அரிசி எங்கும் வேகவில்லை. அன்றைக்கு ஸைனுலாப்தீனுக்கு அட்டாளைச்சேனையில் கலியாணச் சமையல். உப்புப் பிழைக்கவில்லை, இறைச்சி நன்றாக வெந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அவருக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. ஓதியவர்களிடம் கேட்கச் சொன்னேனே, அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும் என்ற நினைப்பு அவரைப் போட்டு அரித்தது. ஒருநாள் மனம் பொறுக்காமல் போன் எடுத்தார். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. கொழும்பு வேலையை விட்டுவிட்டானாம், கட்டாருக்குப் போய்விட்டானாம் என்றார்கள். அது மெய்யோ பொய்யோ, கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கென்று ஒரு வீடும் இந்தக் கரையில் இல்லை.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் முற்பகல், நிப்றாஸின் உம்மா சரீபா வந்தா. நளீம் கடையில் இருக்கிற நேரம் பார்த்து வந்திருக்கிறா. நுஸ்ரத் உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். சரீபா முக்காட்டு நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு தொடங்கினா.

"என்ட மகனுக்குக் கத்தம் கேட்டு வந்த பொடியனோட நீங்கதான் கடைசியாக் கதைச்ச எண்டு சொன்னாங்க."

"ஓம் ராத்தா."

"பஸ் மகியங்கனை தாண்டக்குள்ள போன் வந்த, மௌத்தாயிட்டான் எண்டு. என்ட புள்ள தனியக் கிடந்தா மௌத்தான? தண்ணி குடுக்க ஆளிருந்ததா? கலிமா சொல்லிக் குடுக்க ஆளிருந்ததா? நளீமட்டக் கேட்டா, விடுங்க உம்மா எண்டுறான். அவன் என்ன பாவம் செஞ்சானோ அது அல்லாஹ்வுக்குத் தெரியும். எனக்கு இது தெரியணும். எனக்குக் கண் மூட ஏலா இருக்கு."

ஸைனுலாப்தீன் சொன்னார். வாட்டில் யார் இருந்தது, போனில் தேடியது, காதுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னது, வாய் அசைந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சரீபா அழவில்லை. கையை விரித்து முகத்தில் தடவிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றா. மறுபடியும் அதையே சொன்னா. நுஸ்ரத்துதான் தூணில் சாய்ந்துகொண்டு விம்மினாள்.

"அவனை நான் ஒருக்காப் பார்க்கணும். கையைப் பிடிக்கணும்."

"அவன்ட போன் வேலை செய்யல்ல ராத்தா. எங்க போன எண்டு ஒருத்தருக்கும் தெரியா."

சரீபா அதையும் ஏற்றுக்கொண்டா. எழும்பிச் செருப்பைக் காலால் தேடியவ, ஏதோ விட்டுப்போனதுபோல நின்று ஸைனுலாப்தீனைப் பார்த்தா. அவவின் முகத்தில் குற்றம் சாட்டுகிற ஒன்றுமே இல்லை. கலியாண வீட்டில் கடைசிப் பந்தியும் முடிந்ததா என்று கேட்கிற ஒரு பெண்ணின் முகம்தான் அது.

"என்ட மகனுக்குக் கலிமா சொன்ன புள்ள. பசியோடயா வந்திருக்கும்? உங்கட வீட்ட வந்தானே தம்பி, என்ன சாப்பிடக் குடுத்தீங்க?"

ஸைனுலாப்தீன் வாயைத் திறந்தார். கடைசியாக அவன் வந்த அன்றைக்குக் கேற்றையே திறக்கவில்லை என்பதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. சரீபா ஒரு காலில் செருப்போடு, அவர் சொல்லப்போவதைக் கேட்கக் காத்துக்கொண்டு நின்றா.